செருப்பு ஏறாத படகு

அலை வந்து என் கால்களைத் தொட்டுவிட்டுப் போனது. தொட்டது எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முகத்துவாரக்குப்பத்தின் கரை. ஆறு கடலுக்குள் நுழையத் தயங்கித் தயங்கி நிற்கும் இடம். வெயில் இன்னும் முறுக்கேறவில்லை. எண்ணூர்ப் புகைபோக்கிகள் வழக்கம்போல் வானத்தில் எதையோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தன. காற்றில் டீசல், ஈர வலை, தூரத்துத் தொழிற்சாலையின் அம்மோனியா, யார் வீட்டு அடுப்பிலோ கொதிக்கும் நெத்திலிக் குழம்பு. இந்தக் கலவையைக் குப்பியில் அடைத்து யாராவது எனக்கு அனுப்பியிருந்தால், நான் காவல் நின்ற அந்த மலையுச்சியில் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

என் மனைவி செல்வியின் அண்ணன் தேசிங்கு தன் ஃபைபர் படகின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரில் நின்றான். ஒரு கையை என் பக்கம் நீட்டினான்.

"வா மச்சான். கையக் குடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

கையைக் கொடுத்தேன். காலைத் தூக்கப் போனேன்.

"டேய் மில்ட்ரி! செருப்போட போட்ல ஏர்றியா?"

படகின் முன்பக்கத்திலிருந்து வந்தது அந்தக் குரல். ஏழுமலை மாமா. செல்விக்குச் சின்ன நைனா, அதாவது அவள் அப்பாவின் தம்பி. தேசிங்கின் படகில் மூத்த ஆள். எந்த இடத்தில் வலை போடுவது என்று அவர்தான் சொல்வார். தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார், காற்றை முகர்வார், கையை நீட்டுவார். படகு அந்தப் பக்கம் திரும்பும்.

எல்லோரும் என் கால்களைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

கறுப்பு ஷூ. முந்தின நாள் சாயங்காலம் நானே துடைத்துத் துடைத்து மினுக்கியது. அதற்குள் ரப்பரில் செய்த பாதம். பாதத்துக்கு மேலே உலோகக் குழாய். குழாய்க்கு மேலே, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, நான் தொடங்குகிறேன். இரண்டு பக்கமும் அப்படித்தான்.

இந்தத் தொடரில் சென்ற வாரம் உங்களை ராணுவ மருத்துவமனையின் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். இந்த வாரம் கேட்காமல் கொள்ளாமல் கடலுக்கு இழுத்து வந்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். என் நடையே நேராக இல்லாதபோது என் நினைவை மட்டும் நேராக நடக்கச் சொல்ல முடியாது.

விசிறிப் பாதம்

எங்கள் குப்பத்தில் செருப்போடு யாரும் படகில் ஏறுவதில்லை. எழுதி ஒட்டிய சட்டம் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. அடுப்பில் கை வைக்காதே என்று ஒருமுறை கூடச் சொல்லாமலே தெரிந்துவிடுவதைப்போல அது தெரிந்துவிடும். படகு தாய். அவள் மடியில் தெருவைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒருமுறை யாரோ வந்தார்கள். படகில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை. கீழே கழற்றிய பளபளப்பான ஷூக்கள் மணலில் வரிசையாக இருந்தன. ஒரு நாய் அதில் ஒன்றைக் கவ்விக்கொண்டு கருவாடு காயப்போட்டிருந்த பக்கம் ஓடியது. துரத்தியவர்கள் வெறுங்காலோடு சுடுமணலில் குதித்த குதி இன்றைக்கும் குப்பத்தில் கதை.

பட்டாளத்தில் சேரும்வரை எனக்கு ஷூ என்று ஒன்று இருந்ததில்லை. பிறந்ததிலிருந்து படகிலும் மணலிலும் ஊன்றிய பாதம். விரல்கள் விசிறிபோல விரிந்திருக்கும். ஆட்டம் கண்ட பலகையைப் பாதத்தாலேயே பிடித்துக்கொள்ளும் விரல்கள். பயிற்சி முகாமில் பூட்ஸ் கொடுத்தவர் என் பாதத்தை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, இது மனிதக் காலா வாத்துக் காலா என்று இந்தியில் கேட்டார். எனக்கு அப்போது இந்தி தெரியாது. சிரித்தேன். அவரும் சிரித்தார். கடைசியில் அகலமான ஒரு ஜோடி எங்கிருந்தோ கிடைத்தது.

பிறகு வருடக்கணக்காகக் கால்கள் ஷூவுக்குள்ளேயே வாழ்ந்தன. உயரமான ஒரு காவல் முனையில் பனி பெய்யும் நாள்களில் தூங்கும்போதுகூட அவற்றைக் கழற்றுவதில்லை. ஈரமான காலுறைக்குள் விரல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். எனக்கு மணல் ஞாபகம் வரும். வெறும் மணல். காலடியில் நண்டு ஓடும்போது வரும் கூச்சம்.

அந்த மோதலைப் பற்றி முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன். திரும்பவும் அங்கே போகப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போனது. கண்ணிவெடி வெடித்த பிறகு என்னை முதுகில் சுமந்து இறங்கிய என் படைப்பிரிவுக்காரன் பல்தேவ், வழி முழுக்கத் தன் ஊர் எருமைகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எது எப்படி உதைக்கும், எது பால் கறக்கும்போது பாட்டுக் கேட்கும் என்று. நான் கண்ணை மூடிவிடக் கூடாது என்பதற்காகப் பேசினான். அந்த எருமைகளின் பெயர்கள் எனக்கு இன்னும் தெரியும். அவன் முதுகின் சூடு என் மார்பில் இன்னும் இருக்கிறது.

கால்கள் அங்கேயே தங்கிவிட்டன. விசிறி விரல்களோடு. அந்த மலையில் கடலை அறிந்த பாதங்கள் அவை மட்டும்தான்.

சிவப்பு நாற்காலி

நான் திரும்பி வந்த நாளில் தெருமுனையில் என் படத்தோடு பேனர் கட்டியிருந்தார்கள். நெட்டிலிங்க மரம் மாதிரி நிமிர்ந்து நின்ற பழைய படம். பட்டாசு வெடித்தார்கள். முதல் சரம் வெடித்ததும் நான் சக்கர நாற்காலியில் தலையைக் குனிந்து கைகளால் மூடிக்கொண்டேன். செல்வி ஓடிப்போய் இரண்டாவது சரத்தைக் காலால் மிதித்து அணைத்தாள்.

"பட்டாசு சத்தம் கேட்டுத்தான் மனுசன் இப்டி வந்துகீறான். உங்களுக்கு அறிவு கீதா இல்லியா?"

அதன்பின் எங்கள் தெருவில் தீபாவளிக்குக்கூட மத்தாப்பு மட்டும்தான் கொளுத்துகிறார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

கரைக்கு வர ஆரம்பித்தபோது முனைக் கடை அண்ணாச்சி தன் கடையிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் குப்பத்தில் மளிகைக் கடை போட்டவர்.

"நிக்காதிய தம்பி. இரிங்க. நாட்டுக்கு நின்னது போதும், இனி நாங்க நிக்கோம்."

என்ன அழகான சொல்! கண் கலங்கிப்போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தப்பு என்று பின்னால் தெரிந்தது. அந்த நாற்காலி பிறகு என்னை விடவே இல்லை. நான் எங்கே போனாலும் அது பின்னாலேயே வந்தது. புதுக் கால்களைப் பழகி, ஊன்றுகோல் இல்லாமல் கரைவரை நடந்து வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக நிமிர்ந்தால், பின்னால் யாரோ நாற்காலியைச் செருகியிருப்பார்கள்.

கரைக்கு வரும் ஒவ்வொரு படகிலிருந்தும் நாலு மீன் நாற்காலியின் பக்கத்தில் வந்து விழும். நல்ல மீனாக. எங்கள் குப்பத்தில் கடலில் ஆண்பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு அப்படித்தான் மீன் போகும். யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அன்போடு கொடுப்பார்கள். அந்த அன்பில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் செல்வி ஒருநாள் அந்த மீன்களைக் கூடையில் அள்ளும்போது நிறுத்தினாள்.

"யோவ்."

"இன்னா?"

"தாலி அறுத்த வூட்டுக்கு வர மீனு, நம்ம வூட்டுக்கு வந்துகினு கீது. நீ இன்னா செத்தாப் பூட்ட?"

நான் கூடையிலிருந்த மீனைப் பார்த்தேன்.

"எங்கண்ணன் போட்ல ஏறு. இல்ல, இன்னா வோணா பண்ணு. இந்தச் சேர்ல மட்டும் குந்தாத. குந்தின எடத்துலயே நீ கெழவனாய்டுவ."

அதே வாரத்தில் மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வாசல் காவலுக்கு ஆள் கேட்டு வந்தார்கள். மாஜி ராணுவத்துக்காரன் என்றால் உடனே வேலை. கூண்டு மாதிரி ஓர் அறை, ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. உட்கார்ந்த வேலை, கொடுத்துவைத்தவன் என்று எல்லோரும் சொன்னார்கள். திங்கட்கிழமை வருகிறேன் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

பென்ஷன் வருகிறது. சோற்றுக்குப் பஞ்சமில்லை. என் கேள்வி வேறு. மிச்சமிருக்கும் ஆயுளை நாற்காலியில் கழிக்கப் போகிறேனா, தண்ணீரிலா? திங்களுக்கு முன்னால் ஒரே ஒருமுறை படகில் ஏறிப் பார்த்துவிடலாம் என்று தேசிங்கிடம் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "வா மச்சான்" என்றான்.

அப்படித்தான் அந்தக் காலையில், மினுக்கிய ஷூவோடு, தண்ணீரில் நின்றேன்.

பல்செட்

"மாமா, இது செருப்பில்ல. காலு" என்றேன்.

"காலுக்கு மேல ஷூ கீதுல்ல? அத்தக் கழட்டு."

கழற்றினேன். படகின் விளிம்பில் சாய்ந்து, நாடாவை அவிழ்த்து, ஒன்றை, பிறகு இன்னொன்றை. தேசிங்கு வாங்கிக் கரைக்கு வீசினான். கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

மல்லாக்க விழுந்தேன்.

இதை விளக்க வேண்டும். அந்த ரப்பர் பாதங்கள் ஷூவின் குதிகால் உயரத்துக்குத் தகுந்தபடி பொருத்தப்பட்டவை. ஷூவைக் கழற்றினால் குதிகால் தாழ்ந்துவிடும், உடம்பு பின்னால் சாயும். மருத்துவமனையில் நூறு தடவை சொல்லித்தான் அனுப்பினார்கள். கடலைப் பார்த்ததும் மறந்துவிட்டேன்.

வாயெல்லாம் உப்பு. தேசிங்கு என்னைத் தூக்கி நிறுத்தினான். வேறு யாராவது அப்படி விழுந்திருந்தால் கரையே சிரித்திருக்கும். எனக்கு யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதிதான் உப்பைவிடக் கரித்தது.

"ஷூ இல்லாங்காட்டி நிக்க முடியாது மாமா" என்றேன்.

"அப்ப ஷூவோட நில்லு. கரையில நில்லு. போட்ல ஏறாத."

"சின்ன நைனா, சும்மா இரேன்" என்றான் தேசிங்கு. "ஷூவோ கிவோ, அவனுக்கு அது காலுதான?"

ஏழுமலை மாமா படகிலேயே குந்தினார். வழக்குப் பேசுகிற தோரணை.

"காலுன்னா கழட்ட முடியுமா? இவன் ராத்திரி இத்தக் கழட்டி மூலையில வெச்சிட்டுத்தான தூங்குறான்? செல்வியே சொல்லிகீறா. கழட்டி வெக்கறது செருப்பு. கழட்ட முடியாதது காலு. இதுல இன்னா பேஜாரு?"

உண்மையைச் சொன்னால், அந்த வாதத்தில் எனக்கே ஓட்டை தெரியவில்லை. ராணுவத்தில் ஆணைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியவன். தெளிவாகச் சொல்லப்பட்டது எதுவாக இருந்தாலும் என் மனம் ஒருமுறை சல்யூட் அடித்துவிடும்.

கரையில் கூடையோடு நின்றிருந்த செல்வி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நேராகப் படகின் முன்பக்கம் போனாள்.

"சின்ன நைனா, வாயத் தொற."

"இன்னாத்துக்கு?"

"தொறன்றேன்ல."

அவர் திறக்கவில்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் பேச்சு கிளம்பிவிட்டது.

"பல்செட்டு! அத்தக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டுத்தான நீயும் தூங்குற? அப்ப அது பல்லா, செருப்பா? வாய்ல செருப்பப் போட்டுகினு போட்ல குந்திகினு கீற, அத்த யாரு கேக்கறது?"

கரை வெடித்துச் சிரித்தது. அண்ணாச்சி கடை வாசலிலிருந்தே சிரித்தார். பக்கத்துப் படகுக்காரன் ஒருவன் மணலில் விழுந்து உருண்டான். என் வயிறும் குலுங்கியது. வெகு நாளைக்குப் பிறகு.

ஏழுமலை மாமா மட்டும் சிரிக்கவில்லை. உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். படகிலிருந்து இறங்கினார். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கரையேறி வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

அவர் இல்லாமல் படகு கிளம்பாது. அன்றைக்குக் கிளம்பவில்லை. தேசிங்கு எஞ்சினைத் தூக்கி நிமிர்த்தினான். மற்றவர்கள் வலையை மடித்தார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. "பரவால்ல மில்ட்ரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்கள். என்னால் ஒரு படகு ஒருநாள் கடலை இழந்தது. என்னை ஒருவர்கூடத் திட்டவில்லை.

பின்னால் மணலில் ஏதோ அழுந்தும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. சிவப்பு நாற்காலி.

உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வரை செல்வி என்னோடு பேசவில்லை. பேசியபோது அவள் குரல் இறங்கியிருந்தது. "சின்ன நைனாவ நாலு பேர் முன்னாடி அப்டிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். கிடங்குக்குப் போட்டுக்கொண்டு போகக் காக்கிச் சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் அந்தத் துணியிலிருந்து பழைய நாள்களின் வாசனை எழுந்தது. நான் கால்களைக் கழற்றி மூலையில் வைத்தேன். வைக்கும்போது முதல் தடவையாக அவை எனக்கும் செருப்பாகத்தான் தெரிந்தன.

ஒரே தட்டில்

மறுநாள் காலையில் வாசலில் இருமல் சத்தம். ஏழுமலை மாமா. கையில் மஞ்சள் பை. கன்னங்கள் உள்ளே ஒடுங்கிக் கிடந்தன. வாயில் பல்லில்லை.

செல்வி பதறிப்போனாள். "சின்ன நைனா, நான் சொம்மா வாய் தவறி..."

"நீ சொன்னது சரிதான்" என்றார். பல்லில்லாத வாயிலிருந்து பாதி வார்த்தை, பாதி காற்று. "அவன் ஷூவக் கழட்டனா நானும் பல்லக் கழட்டோணும். கழட்டிட்டேன். எங்க அவன் காலு? எட்த்தா."

"எதுக்கு மாமா?" என்றேன்.

திண்டாடித் திண்டாடிப் பையை அவிழ்த்தார். மஞ்சள் கிழங்கு, குங்குமப் பொட்டலம், கற்பூரம், எலுமிச்சம்பழங்கள், ஒரு பித்தளைத் தட்டு. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு டம்ளர், டம்ளருக்குள் பல்செட்.

"நைட்டெல்லாம் ரோசன பண்ணேன். புது எஞ்சின் வாங்கனா சொம்மாவா போட்ல ஏத்தறோம்? பூச போட்டுத்தான ஏத்தறோம்? புது வலைக்கும் அப்டித்தான. எஞ்சின் இன்னா, தெருவுல வந்தது இல்லியா? கடையில இருந்து லாரில வந்து, ரோட்ல எறங்கி, சேத்துல பொரண்டுதான வருது? பூச போட்டா அது கடலுக்குச் சொந்தம்."

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"உன் இது காலும் இல்ல, செருப்பும் இல்ல. சாமான். கடலுக்குப் போற சாமான். எட்த்து வை."

சாமான். அந்தச் சொல்லை நான் இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன். வீரம், தியாகம் என்றெல்லாம் மேடைகளில் என் கால்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மாலை போட்டிருக்கிறார்கள். சாமான் என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். சாமான் என்றால் வேலைக்கு ஆகும் என்று பொருள்.

செல்வி கால்களைக் கொண்டுவந்து வைத்தாள். மாமா மஞ்சளை இழைத்தார். ரப்பர் பாதத்திலும் குழாயிலும் பூசினார். குங்குமம் வைத்தார். பிறகு டம்ளரிலிருந்து பல்செட்டை எடுத்து, துடைத்து, அதே தட்டில் வைத்தார். அதற்கும் மஞ்சள். அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு, சரியாக முன்பல்லின் மேல்.

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பா, அழுகையா, இரண்டுமா, நான் கேட்கவில்லை.

கற்பூரம் எரிந்தது. எலுமிச்சையைச் சுற்றி நசுக்கினார். பிறகு தட்டிலிருந்து பல்லை எடுத்து மஞ்சளோடு வாயில் மாட்டிக்கொண்டார். முகம் பழையபடி நிரம்பியது.

"இன்னொண்ணு கீது" என்று மடியிலிருந்து எடுத்தார். பழைய வலை மிதவையிலிருந்து ஆப்பு மாதிரி சீவிய இரண்டு துண்டுகள். ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிசு. "நீ பின்னாடி சாஞ்சத பாத்துகினுதான் இருந்தேன். குதிகாலுக்கடியில இத்த வெச்சிக் கட்டு."

பக்கத்தில் வந்து நின்றிருந்த தேசிங்கு விடவில்லை. "சின்ன நைனா, அப்ப இது செருப்பில்லியா?"

"போடா டேய். இது மொதல்லருந்தே கடல்ல கெடந்த சாமான். தெருவு இதுக்கு இன்னான்னே தெரியாது."

தண்ணீருக்கு மேலே

குழாய்களில் உப்புத் தண்ணீர் ஏறாமலிருக்கச் செல்வி பிளாஸ்டிக் உறை சுற்றி, வலை நூலால் இறுக்கிக் கட்டினாள். மிதவைத் துண்டுகள் குதிகாலுக்குக் கீழே. நின்றேன். சாயவில்லை.

படகின் விளிம்பில் கை வைத்து, மார்பை ஏற்றி, உருண்டு உள்ளே விழுந்தேன். அழகான ஏற்றம் இல்லை. மீன் மாதிரி விழுந்தேன். யாரும் தூக்கிவிடவில்லை. ஏழுமலை மாமா முன்பக்கம் உட்கார்ந்து காற்றை முகர்ந்துகொண்டிருந்தார்.

எஞ்சின் உறுமியது. முகத்துவாரத்தைத் தாண்டினோம். புகைபோக்கிகள் சிறுத்து, துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் பொம்மைகளாகி, கரை ஒரு கோடாயிற்று. தண்ணீரின் நிறம் சாம்பலிலிருந்து பச்சைக்கு, பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியது. அந்த நீலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். ஆனால் நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம். மீனவன் மகன். படகிலேயே பால்குடி மறந்தவன். மலைகளில் இத்தனை வருடம் இருந்துவிட்டு வந்ததில் கடல் என்னை அந்நியனாக்கிவிட்டது. விளிம்பில் தொங்கிக்கொண்டு குடலைக் கக்கினேன்.

"இன்னா மில்ட்ரி!" ஏழுமலை மாமாவின் குரல். "பார்டர்ல குண்டுக்கு நடுவுல நின்னுகீற, போட்ல நிக்கத் தெர்ல?"

தேசிங்கு சிரித்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். மாமா வாயை அகலத் திறந்து சிரித்தார். பல்லெல்லாம் மஞ்சள். முன்பல்லில் குங்குமம் கரைந்து வழிந்து, யாரையோ கடித்துத் தின்றவர் மாதிரி இருந்தார். நான் கக்கிக்கொண்டே சிரித்தேன். சிரித்துக்கொண்டே கக்கினேன்.

என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். கடவுளே, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

வயிறு காலியானதும் உடம்பு பழையதை எடுத்துக்கொண்டது. தரையில்தான் பாதம் வேண்டும். ஆடுகிற படகில் இடுப்பு போதும். இடுப்பை விளிம்போடு ஒட்டி, முழங்கால்களைக் குறுக்குக்கட்டையில் முட்டுக்கொடுத்து வலையை இழுத்தேன். தோள்கள் எரிந்தன. உள்ளங்கையில் நூல் அறுத்தது. மீதிக் கால்களின் முனைகள் உறைக்குள் கொப்பளித்திருக்கும் என்று தெரிந்தது. இழுத்தேன். முதல் கானாங்கெளுத்தி வலைக் கண்ணில் வெள்ளியாகத் துடித்துக்கொண்டு மேலே வந்து என் மடியில் விழுந்தது. அதன் ஈரம் தொடையில் உறைத்தது. அங்கே எனக்கு எல்லாம் தெரியும். அங்கே நான் இருக்கிறேன்.

கரை திரும்பினோம். கரை மணலில் வலையைக் கொட்டி மீனைக் கூறு போட்டார்கள். ஏற்றத்தாழ்வு வந்துவிடாமலிருக்க எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். பார்க்காமலே அவர் ஒரு பெயரைச் சொல்வார். சொன்னது சொன்னதுதான்.

ஏழுமலை மாமா திரும்பி நின்றார். தேசிங்கு தொட்டான். "இது யாருக்கு?"

"மில்ட்ரிக்கு."

குவியல்களிலேயே அதுதான் சோனி. முள்ளு மீனும் வால் நசுங்கியதுமாக. நான் சுற்றிப் பார்த்தேன். யாராவது மாற்றிக் கொடுத்துவிடுவார்களோ, நல்ல மீனாக நாலு எடுத்துப் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

யாரும் போடவில்லை.

செல்வி வந்து குனிந்து பார்த்தாள். "இத்தப் போய் எவ வாங்குவா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கூடையில் எடுத்து வைத்தாள். மெதுவாக, எதையோ பொறுக்குகிற மாதிரி.

திங்கட்கிழமை நான் கிடங்குக்குப் போகவில்லை. தேய்த்த காக்கிச் சட்டையைச் செல்வி திரும்பவும் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். ஆனால் இந்த வாரம் அதைச் சொல்ல வரவில்லை.

கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் போனபின் நான் திரும்பினேன். கால்களில் பூசிய மஞ்சள் பாதி கரைந்து போயிருந்தது. உட்கார்ந்தால் தேவலை என்று உடம்பு கெஞ்சியது. நாற்காலியைத் தேடினேன்.

ஏழுமலை மாமா அதில் உட்கார்ந்திருந்தார். கால்மேல் கால் போட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு. நான் எதிரே வந்து நின்றேன். திரும்பி வந்த நாளிலிருந்து என்னைப் பார்த்ததும் எழுந்திருக்காத மனிதரை நான் பார்த்ததில்லை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புகையை விட்டார்.

"இன்னாடா நின்னுகினு கீற? போய் அண்ணாச்சி கடையில ஒரு டீ சொல்லு. சக்கர கம்மியா."

போனேன்.